பெறுதற்குரிய பாத்திரம்

(சுவாமி விவேகானந்தர் வாழ்வு உணர்த்தும் ஓருண்மை)

பாத்திரமறிந்து பிச்சையிடுக என்பது நம் முன்னோர் வழங்கிவந்த பழமொழி. இடுவோனுக்கு உரைத்த அறிவுரையாகவே இதனை நாம் பெரிதும் கொள்கின்றோம். சற்றே ஆழ்ந்து நோக்கின், ஏற்போனுக்கும் இதன்கண் ஓர் உபதேசம் உண்டென்பது புலனாகும். பாத்திரம் என்னுஞ் சொல் கலத்தையுங் குறிக்கும், தகுதியையுங் குறிக்கும். ஓட்டைக் கலத்தில் வார்த்த பால் நிலத்துக்கே ஆகும். சுடாத மட்கலத்தில் வார்த்த நீரோ கலத்தையுங் கரைத்துத் தானுஞ் சேறாகும். செல்வமும் அவ்வாறே, திருவருளும் அவ்வாறே. பெறுவோன் தன் ஒழுக்கத்தில் உறுதிப்படாவிடின், பெற்ற பேறு அவனை உயர்த்துவதற்கு மாறாகக் கரைத்துவிடும்.

இக்கருத்து நமக்குப் புதியதன்று. இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்திய ஆன்மாவினிடத்தே சத்திநிபாதம் நிகழுமென நம் சைவ சித்தாந்த நூல்கள் கூறும். அருள் எங்கும் நிறைந்து நிற்பினும், அதனை ஏற்கும் பக்குவம் வந்துழியே அது பயன்தரும் என்பது அதன் கருத்து. இனிப் பொருட்செல்வத்தை நோக்கின், திருவள்ளுவ நாயனார் பொருளீட்டும் வகைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, பெற்ற பொருளாற் பயன்கொள்ளாதான் இழிவை விளக்குதற்கு நன்றியில்செல்வம் என மற்றோர் அதிகாரமும் வகுத்தருளினார்.

சாத்திரங் கூறும் உண்மை ஒருவர் வாழ்விலே விளங்கக் காணும்போது அது நம் உள்ளத்தில் எளிதிற் பதியும். ஆதலின், செல்வம் திருவருள் என்னும் இரண்டும் ஒருங்கே வந்து சோதித்த ஒரு பெரியாரின் வாழ்வை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். அவர் சுவாமி விவேகானந்தர். உலகறிந்த அவர்தம் சொற்பொழிவுகளை விரித்தல் எம் நோக்கமன்று. அச்சொற்பொழிவுகளுக்கு முன்னும் பின்னும் அவர் எதனை ஏற்றார், எதனை மறுத்தார், ஏற்றதனை என் செய்தார் என்பதையே யாம் காட்டக் கருதுகின்றோம்.

இளமையும் இயல்பும்

கல்கத்தா மாநகரிலே சிம்லா என்னும் பகுதியில், 1863 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12 ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நரேந்திரநாதர். தந்தையார் விசுவநாத தத்தர் கல்கத்தா உயர் நீதிமன்றத்திற் பேர்பெற்ற நியாயவாதி. பெரும்பொருள் ஈட்டினார், ஈட்டியதற்கு மேலாகவே செலவுஞ் செய்தார். உறவினர் பலர் அவர் பொருளிலே உண்டு உடுத்து வாழ்ந்தனர். குடியில் மூழ்கிய சிலரும் அவருட் கலந்திருந்தனர். மகன் இதனைக் கண்டித்தபோது, வாழ்க்கைத் துன்பத்தை மறக்கவே அவ்வேழைகள் அவ்வழி நாடுகின்றனர் எனத் தந்தையார் இரங்கிப் பேசினாராம். ஈகை என்னும் பண்பு நரேந்திரருக்குத் தந்தைவழி வந்தது.

வாய்மை தாய்வழி வந்தது. அன்னையார் புவனேசுவரி தேவியார் இராமாயண பாரதக் கதைகளைச் சொல்லிப் பிள்ளையை வளர்த்தவர். ஒருநாட் பள்ளியிலே பூமிசாத்திர பாடத்தின்போது, சிறுவர் சொன்ன சரியான விடையைத் தவறெனக் கருதி ஆசிரியர் பிரம்பால் அடித்தார். அடிமேல் அடி விழுந்தும் சிறுவர் தம் விடையை மாற்றவில்லை. பின்னர்த் தம் பிழையை உணர்ந்த ஆசிரியர் வருந்தினார். வீடு வந்து நடந்ததைக் கூறிய மகனுக்கு அன்னையார் உபதேசித்தது, விளைவு யாதாயினும் மெய்யைக் கைவிடலாகாது என்பதே.

கல்லூரிப் பருவத்தில் நரேந்திரர் இசையில் வல்லவர். மற்போரிலும் தேகாப்பியாசத்திலும் பயின்றவர். மேனாட்டுத் தத்துவ நூல்களைத் துருவிக் கற்றவர். பிரம சமாசத்தாரோடு கலந்து பழகினார். கடவுளைக் கண்டவர் உளரோ என்பதே அவர் உள்ளத்தை வருத்திய வினா. பெரியோர் பலரை அணுகிக் கேட்டும் அவர் மனம் அமைதியுறவில்லை. கேட்டதை அப்படியே ஏற்கும் இயல்பு அவரிடம் இல்லை. இந்நிலையில், 1881 ஆம் ஆண்டின் இறுதியில், தட்சிணேசுவரத்துக் காளி கோயிலில் வாழ்ந்த ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சரை அவர் கண்டார்.

குரு காத்திருந்தமை

இரண்டாம் முறை தட்சிணேசுவரஞ் சென்றபோது நிகழ்ந்தது சிந்திக்கத்தக்கது. பரமஹம்சர் ஏதோ ஓர் உணர்வு நிலையில் நின்று தம் திருவடியால் நரேந்திரரைத் தீண்டினர். அக்கணமே சுவர்களும் அறையும் உலகும் சுழன்று ஒரு பெருவெளியிற் கரைவனபோல அவருக்குத் தோன்றின. தாமும் அதனுள் அழிந்துவிடுவோம் என்னும் அச்சம் மேலிட, வீட்டிலே பெற்றோர் இருக்கின்றனரே என அவர் அலறிவிட்டார். பரமஹம்சர் நகைத்து, அவர் மார்பைத் தடவி முன்னிலைக்கு மீட்டு, எல்லாம் உரிய காலத்தில் ஆகுமென அமைதிப்படுத்தினர்.

கொடுக்க வந்தவர் கொடுத்தற்கு ஆயத்தமாக இருந்தனர். கொள்ள வந்தவரோ கொள்ளுதற்கு ஆயத்தமாகவில்லை. மலை போன்ற உடலுரமும் கூரிய அறிவும் வாய்ந்த இளைஞர்க்கே இந்நிலை எனின், அருட்பேறு என்பது உடலுரத்தாலும் கல்வியாலும் மாத்திரம் தாங்கத்தக்கதன்று என்பது பெறப்படுகின்றது. குரு அவசரப்படவில்லை. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அவர் காத்திருந்தனர். அவ்வைந்தாண்டிற் கலம் சூளையிற் சுடப்பட்டது.

குருவே செல்வத்தின்பாற் பற்றற்று நின்றமை மாணவர்க்கு நாடோறும் கண்முன் நின்ற பாடமாயிற்று. இலட்சுமிநாராயணர் என்னும் மார்வாரி வணிகர் ஒருவர் பரமஹம்சருக்குப் பதினாயிரம் ரூபாய் வழங்க முன்வந்தபோது அவர் அதனை ஏற்க மறுத்தார். நரேந்திரரோ குருவையுஞ் சோதியாது விட்டாரல்லர். பரமஹம்சர் இல்லாத வேளையில் அவர்தம் படுக்கையின் கீழ் ஒரு வெள்ளி நாணயத்தை ஒளித்துவைத்தார். வந்து படுக்கையைத் தீண்டிய பரமஹம்சர் வேதனையுற்று விலகினார். சோதித்தறிந்த பின்னரே நரேந்திரர் தலைவணங்கினார். சோதித்தமைக்காகக் குரு அவரை வெறுக்கவில்லை, மெச்சினார்.

வறுமையும் வரமும்

1884 ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில் விசுவநாத தத்தர் திடீரெனக் காலமானார். அவர் விட்டுச் சென்றது கடனே. அவர் சோறுண்டு வளர்ந்த உறவினரே வீட்டுரிமை குறித்து வழக்காட முற்பட்டனர். தாயும் தம்பியரும் தங்கையரும் நரேந்திரரையே நம்பி நின்றனர். செல்வத்திற் பிறந்து வளர்ந்த இளைஞர், வெறுங்காலோடு கல்கத்தா வீதிகளில் உத்தியோகந் தேடி அலைந்தார். வீட்டில் உணவு போதாதென்று கண்ட நாட்களில், நண்பர் வீட்டில் விருந்துண்டு என்று பொய்க்காரணங் காட்டித் தாம் பட்டினி கிடந்தார். முன்பு அவர் இசை கேட்டு மகிழ்ந்த செல்வ நண்பர்கள் அப்போதும் பாட அழைத்தனர். அவர் முகம் வாடியதன் காரணத்தைக் கேட்டவர் அரியர். நெறி தவறிப் பொருள் பெறும் வழிகளும் தாமாகவே எதிர்வந்தன. அவற்றை அவர் உதறினார். கடவுள் கருணையுடையவரெனில் இத்துணைத் துன்பம் ஏன் என ஐயுற்று, நாத்திகம் பேசுகின்றார் என்ற பழிக்கும் ஆளானார்.

ஈற்றில் அவர் குருவை அடைந்து, தம் குடும்பத்தின் வறுமை நீங்க அன்னை காளியிடம் வேண்டித் தருமாறு இரந்தார். நீயே சென்று வேண்டுக என்றும், அன்றிரவு கேட்பது கிடைக்குமென்றும் பரமஹம்சர் பணித்தனர். நரேந்திரர் கோயிலுட் சென்றார். சந்நிதியில் நின்றவுடன் வீடு மறந்தது, பசி மறந்தது. விவேகம், வைராக்கியம், ஞானம், பக்தி என்பனவற்றையே வேண்டித் திரும்பினார். பொருள் வேண்டினையோ எனக் குரு கேட்க, மறந்தமை உணர்ந்து மீண்டுஞ் சென்றார். மீண்டும் அவ்வாறே நிகழ்ந்தது. மூன்றாம் முறை நினைவோடு சென்றும், அன்னையின் முன்னிலையில் அற்பப் பொருளை வேண்ட நாணித் திரும்பினார். அரசன் மகிழ்ந்து வேண்டியது கேள் என்ற வேளையிற் பூசணிக்காய் கேட்பவனை உலகம் நகைக்குமன்றோ? முடிவில், அக்குடும்பத்துக்கு எளிய உணவும் உடையும் குறையா எனக் குரு அருள்புரிந்தனர்.

இந்நிகழ்ச்சியைப் பலர் பக்தியின் பெருமைக்கே எடுத்துக்காட்டுவர். யாம் இதன்கண் காண்பது ஒழுக்கத்தின் உறுதியையாம். நிறைந்த வயிற்றோடு துறவு பேசுதல் எளிது. பசித்த வயிற்றோடும் பட்டினி கிடக்கும் தாயின் நினைவோடும் நிற்பவன், கேட்டது கிடைக்குமென்ற உறுதி பெற்ற பின்னும் உயர்ந்ததையே கேட்பானெனின், அவ்வொழுக்கம் அவ்விரவிற் பிறந்ததாக இருத்தல் இயலாது. பிரம்படி பட்டும் விடையை மாற்றாத சிறுவரே அன்றிரவு சந்நிதியில் நின்றவர். வறுமை அவருக்கு அப்பண்பைத் தரவில்லை. வறுமை பலரைத் திருடராக்கியுமுளது. முன்னரே உள்ளத்தில் வேரூன்றியிருந்ததனை அது வெளிப்படுத்தியதே உண்மை.

தாயைக் கைவிட்டுத் துறந்தாரோ என ஒருவர் வினவலாம். அவ்வாறன்று. துறவுபூண்ட பின்னரும் அன்னையாரின் துன்பம் அவர் நெஞ்சில் முள்ளாகவே தைத்திருந்தது. 1898 ஆம் ஆண்டில், தம் நண்பரும் சீடருமான கேத்திரி மன்னர் அஜித் சிங்குக்கு எழுதி, அன்னையாருக்கு மாதந்தோறும் நூறு ரூபாய் வழங்குமாறு வெளிப்படையாகவே வேண்டிக்கொண்டார். உலகம் போற்றிய ஒருவர், ஈன்ற தாய்க்காகப் பிறரிடங் கையேந்த நாணவில்லை. தமக்கென அவர் எதுவும் வைத்திருக்கவில்லை என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

சித்தியும் சமாதியும்

மற்றொருகாற் பரமஹம்சர் நரேந்திரரைத் தனியே அழைத்து, தவத்தாற் பெற்ற அட்டமா சித்திகளையும் அவருக்கு வழங்க விரும்புவதாகக் கூறினர். அவற்றாற் கடவுளை அடையலாகுமோ என்பதே நரேந்திரர் கேட்ட முதல் வினா. அதற்கு அவை உதவா என்று அறிந்ததும், முதலிற் கடவுட்காட்சி வேண்டும் என்றும், சித்திகளைப் பெறின் நோக்கத்தை மறந்து அவற்றைத் தந்நலத்துக்குப் பயன்படுத்த நேரலாம் என்றும் கருதி அவற்றை மறுத்தார். பரமஹம்சர் பெருமகிழ்வெய்தினர். தம்மைத் தாமே நம்பாத இவ்வடக்கமே அவர்தம் வலிமை என்க. தாம் எதனையுந் தாங்குவோம் எனத் தருக்குவோனே முதலில் வீழ்வான்.

ஆயினும் இளையவர் அன்றே பூரணமாய்விட்டார் என்று கொள்ளற்க. 1886 ஆம் ஆண்டுச் சிவராத்திரி இரவில், காசிப்பூர்த் தோட்டத்திலே, தம்முட் பெருகிய அருட்சத்தியைச் சோதிக்க எண்ணித் தம் தோழர் ஒருவரைத் தம்மைத் தொடுமாறு செய்தார். தோழர் கை நடுங்கிற்று. மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்ச்சி உண்டாயிற்று. இதனை அறிந்த பரமஹம்சர் நரேந்திரரைக் கடிந்தனர். சேர்த்துவைக்கு முன்னரே செலவிடத் தொடங்கியதும், தோழர்க்கு இயல்பான சாதனை நெறியைக் குலைத்ததும் பிழையெனச் சுட்டினர். பொருட்செல்வத்துக்கு மாத்திரமன்றி அருட்செல்வத்துக்கும் வரவு செலவுக் கணக்குண்டு என்பதை அவ்விளைஞர் அன்று கற்றார்.

அக்காலத்தே அவர் உள்ளம் நிருவிகற்ப சமாதியை நாடி ஏங்கியது. சுகப்பிரமரிஷியைப்போல் நாட்கணக்கில் அதில் மூழ்கியிருக்க விரும்புவதாகக் குருவிடம் விண்ணப்பித்தார். பரமஹம்சர் மகிழ்வார் என எதிர்பார்த்தவருக்குக் கண்டனமே கிடைத்தது. பல்லாயிரவர்க்கு நிழல்தரும் ஆலமரமாவான் என்று தாம் எண்ணியிருக்கத் தன் முத்தியொன்றையே நாடுதல் சிறுமை எனக் குரு உணர்த்தினர். பின்னர் ஒரு மாலை அச்சமாதி நிலையும் அவருக்கு வாய்த்தது. மீண்டெழுந்தவரிடம், கண்ட பொருள் பூட்டிவைக்கப்பட்டதென்றும், அவர் ஆற்றவேண்டிய பணி முடியுங்காறுந் திறவுகோல் தம்மிடம் இருக்குமென்றும் பரமஹம்சர் அறிவித்தனர். உயர்ந்த பேறாயினும் தனக்கெனப் பதுக்கின் அதுவும் நன்றியில்செல்வமே. இப்பாடத்தைப் புகட்டிய குரு 1886 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16 ஆம் நாள் மகாசமாதி எய்தினர்.

செல்வத்தின் நடுவே

அதன்பின் வராகநகரத்தில் ஓர் இடிந்த வீட்டிலே இளந்துறவியர் சிலர் கூடி வாழ்ந்தனர். சோறு கிடைத்த நாளில் உப்பில்லை. சில நாட்களில் அவித்த கோவையிலையே கறி. அங்கிருந்து புறப்பட்ட நரேந்திரர், பரதகண்டம் முழுவதையும் பரிவிராசகராகச் சுற்றினார். மன்னர் மாளிகையிலும் தங்கினார், சக்கிலியர் குடிசையிலும் உண்டார். 1892 ஆம் ஆண்டின் இறுதியிற் கன்னியாகுமரியை அடைந்து, தாய்நாட்டு ஏழைமக்களின் நிலையைச் சிந்தித்து, அவர்களுக்கு உதவி நாடி மேனாடு செல்லத் துணிந்தார்.

சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலிய அன்பர்கள் வீடு வீடாகச் சென்று வழிச்செலவுக்குப் பொருள் சேர்த்தனர். கேத்திரி மன்னரும் உதவினார். 1893 ஆம் ஆண்டு மே மாதம் 31 ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பலேறினார். சிக்காகோ நகரை அடைந்தபோது, சர்வமத மகாசபை செப்டெம்பரிலேயே கூடுமென்றும் சான்றுக் கடிதமின்றி எவரும் பேசலாகாதென்றும் அறிந்து திகைத்தார். கைப்பொருள் கரைந்தது. ஆவாட் சர்வகலாசாலைப் பேராசிரியர் இரைற்று என்பவர் அறிமுகக் கடிதம் வழங்கினார். மீண்டுஞ் சிக்காகோ வந்தவர் முகவரியைத் தொலைத்துப் புகையிரத நிலையத்துப் பண்டசாலையிற் கிடந்த பெட்டியொன்றனுள் இராப்பொழுதைக் கழித்தார்.

செப்டெம்பர் 11 ஆம் நாள் மகாசபையிற் பேசினார். ஒரு நாளில் உலகப் புகழ் எய்தினார். செல்வர் மாளிகைகள் அவருக்குக் கதவு திறந்தன. அத்தகைய மாளிகையொன்றில் பஞ்சணைமேற் கிடந்த இரவில் அவருக்கு உறக்கம் வரவில்லை. தாய்நாட்டிற் பட்டினி கிடப்போரை நினைந்து, அணையை விட்டிறங்கி நிலத்திற் புரண்டு அழுதார் என அவர் வரலாறெழுதியோர் கூறுவர். இரண்டு நாட்களுக்கு முன் பெட்டியுட் கிடந்தவர் இப்போது பஞ்சணையிற் கிடந்தார். இடம் மாறிற்றேயன்றி உள்ளம் மாறவில்லை.

விரிவுரைகள் ஒழுங்குசெய்யும் நிறுவனமொன்று அவரோடு உடன்படிக்கை செய்து ஊரூராக அனுப்பியது. பொருள் பெருகும் வழிதான். ஆயினும், ஞானத்தை விலைபேசி விற்கும் அவ்வாழ்வு அவருக்கு ஒவ்வாதாயிற்று. பொருள் நட்டத்தையும் பொருட்படுத்தாது 1894 ஆம் ஆண்டில் அத்தொடர்பை அறுத்துக்கொண்டார். 1895 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் எளிய அறைகளில் தங்கி, கட்டணமின்றியே வேதாந்தமும் யோகமும் கற்பித்தார். இருக்கை போதாமையால் மாணவர் நிலத்தில் அமர்ந்து கேட்டனர். வாடகைக்குப் பொருள் முட்டியபோது, சமயஞ் சாராத பொருள்பற்றிய பொது விரிவுரைகளுக்கு மாத்திரமே பணம் பெற்றார்.

இலங்கையும் இராமேசுவரமும்

நான்காண்டுகளின் பின்னர்த் தாயகம் மீண்டவர் முதலில் அடிவைத்த மண் நம் இலங்கையே. 1897 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15 ஆம் நாள், சேவியர் தம்பதிகளும் சுருக்கெழுத்தாளர் குட்வினும் உடன்வரக் கொழும்பில் இறங்கினார். கண்டி, மாத்தளை, அனுராதபுரம், வவுனியா வழியாக யாழ்ப்பாணத்தை அடைந்தார். தம்புள்ளைக்கு அணித்தாக வண்டிச் சில்லு உடைந்து வழியிற் பெருந்தாமதமும் இன்னலும் நேர்ந்தன. யாழ்ப்பாணத்தில் தீவட்டியொளியில் ஊர்வலமாக அழைத்துச்சென்ற மக்கள், இந்துக் கல்லூரி வளவில் அமைத்த பந்தலில் அவரை வரவேற்றனர். வேதாந்தம் பற்றி அங்கு அவர் ஆற்றிய பேருரை நம் நாட்டுச் சைவக் கல்வி வரலாற்றில் நிலைபெற்றதொன்றாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து மரக்கலமேறிப் பாம்பனை அடைந்தபோது இராமநாதபுரத்து மன்னர் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வணங்கினார். குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்களோடு மன்னருஞ் சேர்ந்து அவர் வண்டியை இழுத்தனர். புகழும் ஒருவகைச் செல்வமே. பொன்னைத் துறந்தோரும் இதன்முன் தளர்ந்ததுண்டு. சுவாமிகளோ அடுத்து இராமேசுவரத் திருக்கோயிலில் நின்று பேசுகையில், ஏழையிடத்தும் நோயாளியிடத்தும் எளியோரிடத்தும் சிவத்தைக் கண்டு தொண்டு செய்தலே மெய்வழிபாடென வலியுறுத்தினார். தமக்கு வந்த வணக்கத்தைத் தம்மிடம் நிறுத்தாது ஏழைகள்பால் திருப்பிவிட்டார்.

கைவிட்டுப் பெற்றவர்

கல்கத்தா சேர்ந்ததும், மேனாட்டு அன்பர் வழங்கிய பொருள் முழுவதையும் குருபாயியாகிய பிரமானந்த சுவாமிகளிடம் ஒப்புவித்தார். 1897 ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் நாள் இராமகிருஷ்ண சங்கம் தோன்றியது. 1898 ஆம் ஆண்டில் கங்கைக்கரையில் பேலூரிலே மடத்துக்கு நிலம் வாங்கப்பட்டது. பல்லாண்டுக் கனவு நனவாகும் வேளையில், கல்கத்தாவிற் கொள்ளைநோய் பரவியது. நிவாரணப்பணிக்குப் பொருள் ஏது எனச் சகோதரத் துறவியொருவர் கவலையுற்றபோது, அந்நிலத்தையே விற்றுவிடலாம் எனச் சுவாமிகள் துணிந்தார். வேறு வழியாகப் பொருள் கிடைத்தமையால் நிலம் விற்கப்படவில்லை. ஆயின், அத்துணிவு பொய்த்துணிவன்று. குருவின் பெயரால் எழுந்த நிலையமும் மக்களுயிருக்கு அடுத்தபடியே என்பது அவர் கணக்கு.

1901 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உறுதிச்சாதனம் எழுதி, மடத்துச் சொத்தனைத்தையும் குருபாயிகளைத் தருமகர்த்தாக்களாக்கி அவர்களுக்கு உரிமையாக்கினார். தம்மைத் தருமகர்த்தாக்களுள் ஒருவராகவும் வைத்துக்கொள்ளவில்லை. நிறுவியவரே நிறுவியதில் உரிமையற்றவராயினார். 1902 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4 ஆம் நாள், காலையில் நெடுநேரந் தியானித்து, பிற்பகலில் இளம் பிரமசாரிகளுக்கு வடமொழி இலக்கணங் கற்பித்து, இரவில் இவ்வுலக வாழ்வை நீத்தார். அப்போது அவருக்கு வயது 39. பூட்டிய பொருள் அன்று திறக்கப்பட்டது என அவர்தம் அடியார் நம்புவர்.

நாம் கொள்ளத்தக்கன

சுவாமிகள் குற்றமேயில்லாதவர் என்று யாம் கூறவில்லை. விரைந்து சினங்கொள்ளும் இயல்பு அவர்க்குண்டு. பின் அதற்காக வருந்தும் இயல்பும் உண்டு. ஐயமும் மனச்சோர்வும் அவரை வாட்டியதுண்டு. ஒழுக்கத்தின் உறுதி என்பது குறையின்மையன்று. அவர் வாழ்விலிருந்து அதன் இலக்கணம் மூன்றெனக் கொள்கின்றோம். சோதியாது ஏலாமை ஒன்று. ஏற்கத்தகாததை வேண்டா எனும் வலிமை மற்றொன்று. ஏற்றதைத் தனதென எண்ணாமை பிறிதொன்று. இம்மூன்றும் இல்லாதவழிச் செல்வம் வாராதென யாம் சொல்லவில்லை. தகுதியற்றோரிடத்தும் அது வருதலைக் கண்ணாரக் காண்கின்றோம். வந்த செல்வம் அவர்களை என் செய்கின்றது என்பதையும் உடன் காண்கின்றோம்.

நம் பழைய மாணவருட் பலர் உயர்பதவியும் பொருளும் எய்தியுள்ளனர். அவை கல்லூரித் தாயின் ஆசியாற் கிடைத்தவை என நாம் விழாக்காலங்களிற் பேசி மகிழ்கின்றோம். அவ்வாசியைத் தாங்கும் பாத்திரமாக நம்மை ஆக்கிக்கொண்டோமோ என்று ஒவ்வொருவரும் தனித்திருந்து எண்ணுதல் இவ்விழாவுக்குச் செய்யும் சிறந்த சிறப்பாகும். நாம் இளமையில் இருந்து கற்ற வாங்கும் மேசையும், ஓதிய நூலும், நம் முன்னோர் தம் வயிற்றைச் சுருக்கி ஈந்த பொருளால் வந்தவை என்பதை மறவாதிருப்போமாக. அவ்வழியே பெற்றதை அவ்வழியே விடுதலன்றோ முறை?

மாணவர்காள், கல்வியும் ஒரு வரமே. நாளை உங்களுக்குச் செல்வம் வரும், பதவி வரும், பாராட்டு வரும். அவை வந்த அன்று ஒழுக்கத்தைத் தேடிக்கொள்ளலாம் என எண்ணற்க. மழை பெய்யும்போது குளத்துக்குக் கரை கட்டுதல் இயலாது. கோடையிலேயே கட்டுதல் வேண்டும். வகுப்பறையிற் சொல்லும் மெய்யும், பரீட்சை மண்டபத்திற் காக்கும் நேர்மையும், விளையாட்டுக் களத்திலே தோல்வியை ஏற்கும் பண்புமே அக்கரையாகும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு உபதேசிக்க யாம் துணியோம். ஆயினும், மாணவனின் பக்குவம் நோக்கி ஐந்தாண்டு காத்திருந்து, பிழைத்தவிடத்துக் கடிந்து, ஐயுற்றவிடத்து மெச்சி, ஈற்றிலே தம்மிடம் உள்ள அனைத்தையும் வழங்கிய தட்சிணேசுவரத்து ஆசானை நினைவூட்டுதல் குற்றமாகாது. அறிவை வார்ப்பதற்கு முன் கலத்தைச் சுடுதலும் ஆசிரியர் கடனே.

விழாக்காணும் நம் கல்லூரி இனியும் பல்லாண்டு நிலைபெற்று, பெறுவதற்குத் தகுதியும், பெற்றதை வழங்குதற்கு மனமும் ஒருங்கு வாய்ந்த மைந்தரை நாட்டுக்கு அளித்துவர, எல்லாம்வல்ல இறைவன் திருவருளை வேண்டி அமைகின்றோம்.